பன்னிரண்டு பேரைச் சாகடித்த நோட்டு

காலேஜம்மா,

இன்றைக்குக் காலையில், புன்னைக்காயலிலிருந்து வந்திருக்கும் மகள் தன் பிள்ளையின் நெஞ்சில் நீலகிரித் தைலம் தேய்த்தாள். அந்த வாடை குசினியைத் தாண்டி வெளியே வந்ததும் நான் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். குடையும் தோல் பையும் தைலம் தொட்டு மூக்கில் அமுக்கிய கைக்குட்டையுமாக நீங்கள் நிற்பீர்கள் என்று. சங்குச் சதை அழுகும் நாற்றத்துக்கு எங்கள் தெருவில் யாரும் மூக்கைப் பொத்த மாட்டார்கள். இங்கே தைல வாடை வந்தால் அது நீங்கள்தான்.

நீங்கள் இறந்துபோய் மூன்று மாதம் ஆகிறது என்கிறார்கள். ‘என்கிறார்கள்’ என்றுதான் எழுதுவேன். காலேஜிலிருந்து இங்கிலீஷில் டைப் அடித்த காகிதம் ஒன்று வந்தது. இங்கே வந்து தங்கியிருந்த உங்கள் மாணவி அதைப் படித்துத் தமிழில் சொன்னாள். பாதியில் நிறுத்தினாள். எதையோ மறைக்கிறாள் என்று காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு பங்குச் சாமியாரிடம் போனேன். அவரும் அதையே சொன்னார். தபாலாபீஸ்காரரிடம் போனேன். அவரும் அதையே சொன்னார்.

“மூணு பேரும் சேந்து பொய் சொல்லுவாவளா?” என்று கேட்டாள் என் வீட்டுக்காரி பிரகாசி.

ஒரு தெருவே சேர்ந்து பொய் சொன்ன ஊரில் உட்கார்ந்துகொண்டு இப்படிக் கேட்கிறாள். அந்தப் பொய்யை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நானும் மறக்கவில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன். நாலாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் கையெழுத்து இது. பிழை இருந்தால் சிவப்பு மையால் சுழிக்க நீங்கள் இல்லை என்பது ஒரு சவுகரியம்.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், சங்குகுளி தொடங்கிய வாரத்தில் நீங்கள் வந்தீர்கள். முத்துக்குளிப்பு நின்று பல வருஷமாகியிருந்தது. சங்கு எடுப்பது மட்டும் நடந்துகொண்டிருந்தது. எனக்கு மூச்சு குறைந்து, கடலுக்குள் இறங்குவதை விட்டுவிட்டு, கரையில் உட்கார்ந்து கயிறு பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பிரகாசியின் தம்பி சிலுவை இருந்தான். நீங்கள் எங்கள் முன்னால் வந்து குடையை மடக்கினீர்கள்.

“வணக்கம் பெரியவரே. உங்க வீட்ல யாராவது சிலோன்ல இருக்காங்களா?”

பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, எடுத்த எடுப்பில் இந்தக் கேள்வி. சிலுவை என் முதுகில் விரலால் குத்தினான்.

“எதுக்குக் கேக்கிய?” என்றேன்.

“ஒரு படிப்பு தயார் பண்றேன்.”

“ஒங்களுக்கா? இந்த வயசிலயா?”

நீங்கள் கோபப்படவில்லை. சிரித்தீர்கள். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. கேலி செய்தால் கோபப்படாதவர்கள் ஏதோ வேலையாக வந்தவர்கள். பி.ஏ. முடித்தவர்களுக்கு இரண்டு வருஷப் படிப்பு என்றீர்கள். சமூக சேவைப் படிப்பு என்றீர்கள். சிலோனிலிருந்தும் பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் பிள்ளைகள் வந்து படிப்பார்கள், நம் பிள்ளைகளும் படிப்பார்கள், படித்துவிட்டு ஒரு நாட்டுக்காரர் இன்னொரு நாட்டில் போய் அங்குள்ள ஏழை எளியவர்களோடு வேலை செய்வார்கள் என்றீர்கள். அதில் என்னென்ன பாடம் வைப்பது என்று எழுதும் பொறுப்பை உங்களிடம் விட்டிருக்கிறார்கள் என்றீர்கள். கடல் தாண்டிப் போகிறவர்களின் வீடுகளைப் பார்க்காமல் அதை எழுத முடியாது, அதனால்தான் தூத்துக்குடிக்கு வந்தேன் என்றீர்கள்.

நீங்கள் கொஞ்சம் தள்ளிப் போனதும் சிலுவை சொன்னான். “அத்தான், இது சி.ஐ.டி.”

“பொம்பளையா?”

“பொம்பளன்னா ஒமக்குச் சந்தேகம் வராதுன்னுதான அனுப்பிருக்கான்.”

எனக்கு வந்த சந்தேகம் அவனுக்கு வந்ததைவிடப் பெரியது. காரணம் உங்களுக்குப் பிறகு தெரிந்தது. கூலி வேலைக்கு யாரும் சிலோனுக்குப் போகக் கூடாது என்று சர்க்கார் தடை போட்டிருந்த காலத்தில், என் மகன் மிக்கேல் ஓடு ஏற்றிய தோணியில் ஓட்டோடு ஓடாக ஒளிந்து கொழும்புக்குப் போனவன். அங்கே துறைமுகத்தில் வேறு பெயரில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். எங்கள் தெருவில் பன்னிரண்டு வீட்டில் இதே கதை. பிடிபட்டால் அவனுக்குச் சிறை. ஏற்றிப் போன தோணிக்காரனுக்கும் பிழைப்புப் போகும். கடுதாசி கூட அவன் சொந்தப் பெயரில் எழுத மாட்டான். தோணி ஆட்கள் வாய்வழியாகச் சொல்வதுதான் சேதி. இந்த நிலையில் நீங்கள் நோட்டைத் திறந்து, பேனாவைத் திருகி, மறுநாளும் வந்து நின்றீர்கள்.

“உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?”

“ரெண்டு. மவள புன்னைக்காயல்ல கெட்டிக் குடுத்தாச்சு.”

“மகன்?”

“செத்துட்டான்.”

பேனா நின்றுவிட்டது. “எப்படி?”

“கடலுல.”

“அவர் பேரு?”

இந்த இடத்தில்தான் நான் சறுக்கினேன். சாவைப் பொய்யாகச் சொல்ல வாய் வந்தது. பெயரைப் பொய்யாகச் சொல்ல வரவில்லை. “மிக்கேல்” என்றேன். நீங்கள் எழுதினீர்கள். எழுதும்போது உங்கள் கண் கலங்கியது. நல்லா நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் சொன்னது சிலுவை வழியாகப் பத்து நிமிஷத்தில் தெருவில் ஆம்பளைகள் எல்லோருக்கும் போய்விட்டது. சூசையின் மகனும் கடலில் செத்தான். மரியானின் மகன் காய்ச்சலில் செத்தான். ஒருத்தன் மட்டும் எங்களைவிடக் கெட்டிக்காரன் என்று காட்ட, தன் மகனைச் சுறா பிடித்ததாகச் சொல்லி, சுறாவின் நீளத்தையும் சொன்னான். ஒரு வாரத்தில் உங்கள் நோட்டில் பன்னிரண்டு பேர் செத்திருந்தார்கள்.

அந்த வாரம் நீங்கள் தைரியமாகக் கரையிலேயே உட்காரத் தொடங்கினீர்கள். தோணியில் ஒருவன் கல்லைக் காலில் மாட்டி உள்ளே இறங்க, இன்னொருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பற்றிக் கேட்டீர்கள். “ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா?”

“அண்ணன் தம்பியா!” என்று சிலுவை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். “பங்காளி கையில எவனாவது உசுரக் குடுப்பானா? பொண்டாட்டிகூடப் பொறந்தவன்தான் பிடிக்கணும். கயித்த விட்டாம்னா அவன் அக்கா தங்கச்சி தாலில்லா போவும்.”

“அப்ப உங்க அத்தானுக்கு நீங்க பிடிச்சீங்களா?”

“இருவது வருசம். எங்கக்கா மூஞ்சிக்காவத்தான் விடல. இவரு பேச்சுக்கு எப்பமோ விட்டுருக்கணும்.”

நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். எனக்கு அப்போது ஒரு குறும்பு தோன்றியது. குறும்புக்குள் கொஞ்சம் விஷமும் இருந்தது. “ஏம்மா, ஒங்க பி.ஏ. பிள்ளைய சிலோனுக்குப் போயி எங்க ஆளுவளுக்குக் கயிறு பிடிக்கும்னு சொல்லுதிய. அதுவளுக்கு இங்கன யாரு அக்கா தங்கச்சி இருக்கா? விட்டுட்டா அதுவளுக்கு என்ன போவும்?”

உங்கள் சிரிப்பு நின்றது. அன்றைக்கு முழுவதும் நீங்கள் நோட்டைத் திறக்கவில்லை. சாயங்காலம் போகும்போது, “நீங்க கேட்டதுக்கு எங்கிட்ட பதில் இல்ல பெரியவரே” என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். பதில் இல்லை என்று ஒப்புக்கொள்வதும் ஒரு தந்திரமாக இருக்கும் என்று சிலுவை சொன்னான். நானும் ஆமாம் என்றேன்.

இவ்வளவு நாளில் நீங்கள் எங்கள் பன்னிரண்டு வீட்டுக்கு மட்டும் வரவே இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய்க் கேள்வி கேட்கக் கூடாது என்ற மரியாதை. அதனால் பிரகாசிக்கும் மற்றத் தாய்மாருக்கும் ஒன்றும் தெரியாது. மிக்கேலைக் கொன்ற கதையை நானும் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் துடைப்பம் வரும். மற்ற வீட்டு ஆம்பளைகளும் சொல்லவில்லை.

அது நவம்பர், எங்களுக்கு ஆன்மாக்களின் மாதம். செத்தவர்கள் பெயரை எழுதிக் கொடுத்தால் பூசையில் சாமியார் வாசிப்பார். நீங்கள் எங்கள் வேதம் இல்லை. ஆனாலும் இங்குள்ள வழக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, எங்கள் மேல் இரக்கப்பட்டு, பன்னிரண்டு பெயரையும் அழகாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். வாங்கியவர் புதிதாக வந்திருந்த சின்னச் சாமியார். அவருக்குத் தெருவில் யார் இருக்கிறார்கள், யார் போனார்கள் என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், கோயில் நிறைய ஜனம் இருக்க, அவர் நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

“கடலில் மரித்த மிக்கேல்…”

பெண்கள் பக்கத்திலிருந்து பிரகாசியின் அலறல் கேட்டது.

“சேசுவே! எம் மவன் செத்துட்டானா? யாரு சொன்னா? எப்பம் சேதி வந்துது?”

அவள் அப்படியே சரிந்தாள். நான் ஆண்கள் பக்கத்தில் கல்லாகி நின்றேன். ஓடிப்போய், “அவன் சாவலடி, நான் சொன்ன பொய்டி” என்று சொல்ல வேண்டும். போகவில்லை. முன்வரிசையில் துறைமுகத்துப் போலீஸ்காரர் ஒருவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவியா மகனா என்று அந்த நிமிஷத்தில் நான் கணக்குப் பார்த்தேன். அந்த வெட்கத்தை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நான் வாய் திறக்கும் முன்னால் சாமியார் தாளைப் பார்த்தபடியே அடுத்த பெயரையும் வாசித்துவிட்டார். சூசையின் பெண்டாட்டி எழுந்தாள். “எம் மவன் பேரையும் வாசிக்கீரே சாமி! போன வாரந்தான் எனக்குத் துணி குடுத்து விட்டாம்! செத்தவனா துணி குடுத்து விடுவான்?” அடுத்தவள் எழுந்தாள். அடுத்தவள். சுறா பிடித்தவனுடைய தாயும் எழுந்து சுறாவைத் திட்டினாள். ஈஸ்டருக்கு ஒருவர்தான் உயிர்த்தெழுவார். அன்றைக்கு எங்கள் கோயிலில் ஒரே பூசையில் பன்னிரண்டு பேர்.

நீங்கள் கடைசி வரிசையில் தூணோடு தூணாக நின்றுகொண்டிருந்தீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தேன். வெள்ளைத்துணி மாதிரி இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அதே கோயிலில், அதே மாதத்தில், உங்கள் பெயரை வாசித்தார்கள். எழுதிக் கொடுத்தவன் நான்தான். வேதம் இல்லாதவர் பெயரை எப்படி வாசிப்பது என்று பெரிய சாமியார் கொஞ்சம் யோசித்தார். “அவிய எழுதிக் குடுத்த உசுரோட இருந்தவம் பேரையே வாசிச்சிய. செத்தவிய பேர வாசிக்க என்ன?” என்றேன். வாசித்தார். நான் பெண்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். யாராவது எழுந்து, “அவ செத்தான்னு யாரு சொன்னா?” என்று கத்துவார்கள் என்று. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். யாரும் கத்தவில்லை. அப்போதுதான் நீங்கள் போய்விட்டீர்கள் என்று எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

அன்றைய கதைக்கு வருகிறேன். பூசை முடிந்ததும் நீங்கள் பிரகாசியிடம் ஓடி வந்தீர்கள். நான் குறுக்கே நின்றேன்.

“தெரிஞ்சுதான செஞ்சிய? செத்தான்னு வாசிச்சா பெத்தவ கத்துவா, உண்ம வெளிய வரும்னு பொறி வச்சியளா?”

“இல்ல.”

“எங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.”

“நீங்க எதுக்குப் பொய் சொன்னீங்க?”

“நீங்க எதுக்குக் கேட்டிய?”

நான் பிரகாசியைத் தாங்கிப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போனேன்.

மறுநாள் நான் பயந்தது நடந்தது. ஏதோ ஒரு ஆபீஸிலிருந்து அதிகாரி ஒருவர் சங்குக் குடோனுக்கு வந்தார். நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள். நாங்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றோம். அவர் மரியாதையாகத்தான் பேசினார். யார் யார் வீட்டில் யார் யார் எந்த வருஷம் போனார்கள் என்று அம்மா எழுதி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன், அந்த நோட்டைக் கொஞ்சம் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றார். இரண்டு மாத உழைப்பு அந்த நோட்டில் இருந்தது. எங்கள் தெரு மட்டுமா? எங்களிடம் வருமுன்பே தருவைகுளம், காயல்பட்டணம் என்று கடற்கரை முழுக்க அலைந்து எழுதியது. உங்கள் படிப்புக்கு அதுதான் மூலதனம் என்று நீங்களே சொல்லியிருந்தீர்கள்.

“தரேனே” என்றீர்கள்.

சிலுவை என்னைப் பார்த்த பார்வை, ‘சொன்னேன்ல’ என்பது.

பையிலிருந்து நோட்டை எடுத்தீர்கள். சங்குச் சதை அழுகிக் கிடக்கும் குழி பக்கத்தில் இருந்தது. ஈ மொய்த்துப் புழு நெளியும் குழி. நீங்கள் கையை நீட்டினீர்கள். அதிகாரியும் கையை நீட்டினார். நோட்டு இரண்டு கைக்கும் நடுவில் குழிக்குள் போய் விழுந்தது. ‘களக்’ என்று ஒரு சத்தம்.

“ஐயோ, கை தவறிடுச்சு” என்றீர்கள். என் வாழ்நாளில் அவ்வளவு மோசமான நடிப்பை நான் பார்த்ததில்லை. “பரவாயில்ல சார், எடுத்துப் பாருங்க.”

அவர் குழியைப் பார்த்தார். நாற்றம் அவர் முகத்தில் அறைந்தது. எங்களில் ஒருவனைப் பார்த்து, “ஏய், எறங்கி எடு” என்றார்.

“எனக்கு மூச்சு இல்ல அய்யா” என்றேன் நான்.

“எனக்குக் கயிறு பிடிக்க மச்சினன் இல்ல அய்யா” என்றான் சிலுவை.

அவர் போய்விட்டார். நீங்கள் ஒரு சங்குக் குவியல் மேல் உட்கார்ந்தீர்கள். கைக்குட்டையை மூக்கில் வைக்க மறந்து உட்கார்ந்திருந்தீர்கள். நன்றி சொல்ல வந்த வாயைச் சந்தேகம் அடைத்துக்கொண்டது. வேறு ஒரு பிரதி இருக்குமோ? விழுந்தது வெற்று நோட்டோ?

இதை உங்களிடம் கடைசிவரை சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து நான் ஒரு துரட்டிக் கம்பைக் கொண்டுபோய் அந்த நோட்டைக் குழியிலிருந்து எடுத்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டுதான். அதே நோட்டு. மை கரைந்து எல்லாம் நீலச் சேறாகியிருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் ‘மிக்கேல்’ என்பதில் ‘மி’ தெரிந்தது. அதையும் கட்டைவிரலால் தேய்த்து அழித்துவிட்டுத் திரும்பவும் உள்ளே போட்டேன். கை நாற்றம் போக ஒரு வாரமாயிற்று. பிரகாசி என்னைக் குசினிப் பக்கமே விடவில்லை.

அடுத்த வாரம் நீங்கள் வெறுங்கையோடு வந்தீர்கள். நேராக என் வீட்டுக்கு. பிரகாசி காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டீர்கள். அவள், “எம் மவன உசுரோட இருக்கையிலயே அடக்கம் பண்ணிட்டியே” என்று சொல்லி அழுதாள். பிறகு, “அடக்கம் பண்ணினது இந்த மனுசந்தான். நீ பாவம்” என்று சொல்லி உங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை.

அன்றைக்குத்தான் அந்தப் படிப்பை எங்களிடம் பிரித்து வைத்தீர்கள். முதல் ஆறு மாதம், ஜனங்களிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்று பாடம் வைத்திருந்தீர்களாம். வெளிநாட்டில் நீங்கள் படித்த மாதிரியே. நாற்பது கேள்வி அச்சடித்த தாளும் காட்டினீர்கள். “அத எடுத்துட்டேன்” என்றீர்கள். “முதல் ஆறு மாசம் நோட்டு கிடையாது, பேனா கிடையாது. பிள்ளைங்க ஒரு தெருவுல போய் இருக்கணும். தெரு அவங்கள கேள்வி கேக்கணும். அவங்க பதில் சொல்லணும்.”

“என்ன கேள்வின்னாலும் கேக்கலாமா?” என்றான் சிலுவை. அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து நீங்கள் கொஞ்சம் பயந்தீர்கள்.

மற்றப் பாடங்களையும் சொன்னீர்கள். சுகாதாரம், சட்டம், ஒரு நாட்டுச் சட்டத்துக்கும் இன்னொரு நாட்டுச் சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவனுக்கு என்ன வழி, மனுஷ மனசு எப்படி வேலை செய்கிறது.

“மனசு எப்படி வேல செய்யும்னு ரெண்டு வருசத்துல படிச்சிருவாவளா?” என்றாள் பிரகாசி. “நா இந்த மனுசனோட முப்பது வருசமா இருக்கேன்.”

நான் ஒன்றுதான் கேட்டேன். “பாஸ் போடுதது யாரு?”

“காலேஜ்ல நாங்க.”

“அங்கன இருந்துக்கிட்டு ஒங்களுக்கு என்ன தெரியும்? பிள்ள இங்கன வந்து ஒழுங்கா இருந்துதா, வாயப் பொத்த வேண்டிய எடத்துல பொத்துச்சான்னு எங்களுக்குத்தான தெரியும்? இங்கன உள்ளவன் சரின்னு சொல்லாமப் பட்டம் குடுக்கக் கூடாது. அப்பந்தான் கயித்த விட்டா அதுவளுக்கு ஏதாவது போவும்.”

கேலியாகத்தான் சொன்னேன். உங்களை மடக்க வேண்டும் என்று சொன்னேன். நீங்கள் எழுந்து பிரகாசியிடம் ஒரு துண்டுக் காகிதம் கேட்டு வாங்கினீர்கள். நோட்டு போன பிறகு எங்கள் முன்னால் நீங்கள் எழுதிய ஒரே வரி அதுதான்.

காலேஜில் பெரியவர்கள் கூடி அந்த வரியை அடித்துவிட்டார்கள் என்று பிறகு கடிதம் எழுதினீர்கள். கடலில் குளிக்கிறவர்களா பட்டம் கொடுப்பது என்று ஒருவர் மேசையைத் தட்டினாராம். அடுத்த கடிதத்தில், அதே வரியைக் கடைசிப் பக்கத்தில் யாருக்கும் வாசிக்கப் பொறுமை வராத ஒரு தலைப்புக்குக் கீழே மறுபடி எழுதிவிட்டேன், எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சிலுவையிடம் வாசித்துக் காட்டினேன். “நம்மகிட்ட வந்து கெட்டுப்போச்சு அந்தம்மா” என்றான்.

இந்த வருஷம் ஆடியில் அந்தப் படிப்பிலிருந்து ஒருத்தி வந்தாள். முதல் தெருவை வேறு எங்கோ முடித்துவிட்டு, கடைசித் தெருவாக எங்கள் தெருவுக்கு. ஒரு மாதம் இங்கே, பிறகு ஆறு மாதம் கொழும்புத் துறைமுகத்தில் நம் ஆட்களோடு. வந்து இறங்கியவளைப் பார்த்ததும் எனக்கு உங்கள் மேல் இருந்த பழைய சந்தேகம் எல்லாம் திரும்ப வந்தது. சிங்களப் பிள்ளை! நீர்கொழும்புக்காரி, பெயர் ரோசலின். எங்கள் வேதம்தான், தமிழும் பேசுகிறாள். ஆனாலும் அங்கே புதுச் சட்டம் வந்திருக்கிறது. யார் எந்த வருஷம் வந்தவன், காகிதம் இருக்கிறதா என்று குடைகிறார்கள். காகிதம் இல்லாதவனைக் கப்பல் ஏற்றலாம். இந்த நேரத்தில் அந்த நாட்டுப் பிள்ளையையே என் வீட்டு வாசலுக்கு அனுப்புகிறீர்களே என்று உங்களை வாயாரத் திட்டினேன். நீங்கள் அப்போது உயிரோடு இருந்தீர்கள். காதில் விழுந்திருந்தால் சந்தோஷம்.

நோட்டு இல்லாமல் வந்தாள். தினமும் காலையில் எங்கள் வாசலில் உட்கார்ந்தாள். தெரு அவளைக் கேட்டது. சிலுவை கேட்ட கேள்வி சிலதை எழுத முடியாது. ஒரு நாள் பிரகாசி கேட்டாள்.

“ஏளா, எங்க ஆளுவள வெரட்டணும்னு அங்கன சொல்லுதாவளாமே. ஒங்க வீட்டுல என்ன சொல்லுதாவ?”

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். “என்ட சித்தப்பா ஹார்பர்லதான் வேலை. அவர் கூட்டம் போட்டு அதையேதான் சொல்றார்.”

“நீ?”

“நான் அவரோட சண்டை.” பிறகு இன்னும் மெதுவாக, “ஆனா கொழும்பில அவர் வீட்டிலதான் சாப்பாடு.”

வேவு பார்க்க வந்தவள் சித்தப்பாவை மறைத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்ற வைக்கத்தான் சொன்னாளோ என்றும் தோன்றியது. ஆகவே நான் கயிறு முறுக்கப் போய்விட்டேன்.

அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் உங்கள் காகிதம் வந்தது. அவள் பாதியில் நிறுத்தியது அழுகைக்காக. நான் எதற்கு என்று நினைத்தேன் என்பதை மேலே சொல்லிவிட்டேன். அன்றைக்கு இரண்டு கேள்வி எனக்கு வந்தது. இனி காலேஜில் கடைசிப் பக்கத்து வரியை யார் பார்க்கப் போகிறார்கள்? இவளுக்கு இங்கே உட்கார என்ன கட்டாயம்? மறுநாள் காலையில் வாசலைப் பார்த்தேன். கண் வீங்கிப்போய் வந்து, அதே இடத்தில், கேள்வி கேளுங்கள் என்று உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு யாருக்கும் கேள்வி வரவில்லை. பிரகாசி அவள் தலையில் எண்ணெய் வைத்துவிட்டாள். மறுநாளும் வந்தாள். மாதம் முடியும்வரை வந்தாள்.

அவள் கப்பலுக்குப் போகிற நாள், படகுத்துறையில் அவள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, குனிந்து அவள் காதில் மிக்கேல் அங்கே என்ன பெயரில் இருக்கிறான், எந்த ஜெட்டியில் நிற்பான் என்று சொன்னேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அவள் திருப்பிக் கேட்கவில்லை. படகு போய்க்கொண்டிருக்கும்போது, “எல்லாம் பொய்” என்று கத்தலாமா என்றுகூட நினைத்தேன்.

போன வாரம் கடிதம் வந்தது. உறையின் பின்பக்கம் அனுப்பியவர் பெயர் இருந்தது. மிக்கேல். அவனுடைய சொந்தப் பெயர். ஆறு வருஷத்தில் முதல் தடவை. வேறு யாராவது எழுதியிருப்பார்களோ என்று எழுத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பிரகாசிக்கு வாசிக்கத் தெரியாது. “இதுல எது அவம் பேரு?” என்று கேட்டாள். காட்டினேன். அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு, “உள்ள இருக்கத வாசியும்” என்றாள்.

அந்தப் பிள்ளை வந்ததாம். மூன்று நாள் ஒன்றும் கேட்காமல், அவன் மூட்டை இறக்கி முடிக்கும்வரை தள்ளி நின்றாளாம். நாலாம் நாள் இவனே போய்ப் பேசினானாம். ஒளிந்திருந்தால் என்றைக்கும் ஒளிந்தே இருக்க வேண்டும், சர்க்கார் ஆபீஸில் சொந்தப் பெயரில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று முடிவுசெய்து, இரண்டு பேருமாகப் போய் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். காகிதம் கிடைத்தால் அங்கே இருப்பானாம். கிடைக்காவிட்டால் ஊருக்கு வருவானாம். எப்படியானாலும் மிக்கேலாகத்தான் என்று எழுதியிருக்கிறான்.

கிடைக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். கிடைக்கக் கூடாது என்று பிரகாசி மாதாவுக்கு மெழுகுதிரி வைக்கிறாள். அவனைத் திருப்பி அனுப்பினால் உங்கள் படிப்பு தோற்றது, என் வீட்டுக்காரி ஜெயித்தாள். நான் யார் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை.

நேற்று காலேஜிலிருந்து இன்னொரு காகிதம் வந்தது. கடைசிப் பக்கத்து வரியை யாரோ வாசித்திருக்கிறார்கள். மேற்படி மாணவியைப் பற்றித் தெருவாரின் அபிப்பிராயம் என்ன என்று கேட்டு, கீழே கோடு போட்டு இடம் விட்டிருந்தது. தெருவைக் கூட்டினோம். சிலுவை ‘ரொம்பத் தங்கமான பிள்ள’ என்று எழுதச் சொன்னான். சாமியார் ‘மிகவும் திருப்தி’ என்று எழுதச் சொன்னார். கையெழுத்து என்னுடையது என்பதால் நான்தான் எழுதினேன். ‘இதுவரைக்கும் சரி.’ எல்லோரும் சத்தம் போட்டார்கள். நான் மாற்றவில்லை.

உங்களுக்கு அப்படி ஒரு கோடு போட்டு யாரும் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தாலும் என்னால் நிரப்ப முடியாது. அந்தப் பெயர்களைப் பூசைக்கு எழுதிக் கொடுத்தீர்களே, உண்மையாகவே இரக்கப்பட்டுக் கொடுத்தீர்களா, பன்னிரண்டு பேரும் ஒரே தெருவில் செத்ததில் சந்தேகம் வந்து எங்களைச் சோதிக்கக் கொடுத்தீர்களா? ஊருக்குப் போகும்போது ரயிலடியில் திரும்பவும் கேட்டேன். ஜன்னலுக்குள்ளிருந்து, “நீங்களே கண்டுபிடிங்க பெரியவரே” என்றீர்கள். சிரித்த மாதிரியும் இருந்தது. வண்டி நகர்ந்துவிட்டது.

சில நாள் இரக்கம்தான் என்று தோன்றுகிறது. சில நாள் கெட்டிக்காரத்தனம் என்று தோன்றுகிறது. இரண்டு பக்கமும் சாட்சி வைத்து, கயிறு முறுக்குகிற நேரமெல்லாம் உங்களோடு வழக்குப் பேசிக்கொண்டிருக்கிறேன். இந்த ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளப் போவதில்லை. தீர்ந்துவிட்டால் உங்களோடு பேச எனக்கு வேறு என்ன இருக்கிறது?